பழைய கணினிக்கு மறுவாழ்வு: லினக்ஸ் ஆர்வலரின் அன்றாடப் பாடுகள்

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பழைய கட்டடத்தை நினைத்தவுடன் இடித்துவிட முடியாது. 1801-இல் தோன்றிய பள்ளிவாசல் முதல் வரிசையாக நிற்கும் கடைவீடுகள் வரை, பழுது பார்த்துப் பயன்படுத்துவதே இங்கு வழக்கம். ஜோர்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு அந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. ஆனால், கணினி என்று வந்துவிட்டால் யாரும் அப்படி நினைப்பதில்லை. சற்று மெதுவானாலே புதிது வாங்கிவிடுகிறார்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கோ புதிய செயலியும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகளில் இவை இல்லை. இத்தகைய கணினிகளுக்குக் கைகொடுப்பது லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். பணம் மிச்சம்தான். ஆனால் நேரமும் பொறுமையும் செலவாகும்.

வைஃபை எங்கே?

லினக்ஸ் ஆர்வலர் முதலில் சந்திக்கும் தொல்லை இதுதான். சில வைஃபை சில்லுகள் இயங்க, அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் சிறு மென்பொருள் வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

கடிகாரம் ஏன் பிந்துகிறது?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், பிற்பகல் 2 மணிக்கு விண்டோஸ் காலை 6 மணி என்று காட்டக்கூடும். கணினி கெட்டுவிடவில்லை. உள்ளே இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் அனைத்துலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மலேசிய நேரம் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது. அந்த எட்டு மணிதான் இந்த வேறுபாடு. உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

தமிழ் உடைவது எதனால்?

‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும். யுனிகோடில் அவை ககரத்துக்குப் பின் ஒரே குறியாகச் சேமிக்கப்படுகின்றன. திரையில் பிரித்து அடுக்குவது வேறொரு மென்பொருளின் வேலை. உலாவியிலும் சொற்செயலியிலும் அது ஒழுங்காக நடக்கிறது. கட்டளை எழுதும் டெர்மினல் திரையில் பல நேரம் எழுத்து உடைந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அஞ்சி அழித்துவிடக் கூடாது. லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கியவர்களில் பெரும்பாலோர் ஊதியம் கருதாத ஆர்வலர்களே. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இத்தகைய செய்திகளைத் தமிழிலேயே எழுதி வந்திருக்கிறது.

சும்மா இருக்காத கை

ஆர்வலர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்று மிண்ட், அடுத்த வாரம் டெபியன், அதற்கடுத்து ஃபெடோரா என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணியோடு மகள் வந்து நிற்கும்போதுதான் கணினி திறக்க மறுக்கும். வீட்டில் சண்டைக்குக் காரணம் லினக்ஸ் அல்ல, முன்யோசனை இல்லாததுதான்.

தேர்ந்த ஆர்வலர் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிப்பார். முதலில் கோப்புகளை வெளி வட்டில் படியெடுப்பார். கணினியில் பதிக்காமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பார். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் இயங்கினால்தான் பதிப்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். பொருள் தெரியாத கட்டளையை ‘சூடோ’ என்னும் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவிட மாட்டார். ஒரே தவறான வரி வட்டு முழுவதையும் அழித்துவிடலாம்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால், அந்தக் கணினியில் பரிசோதனை வேண்டாம். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினியில் தொடங்கலாம். அது சரிப்பட்டு வந்தால், பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் செலவில்லாமல் ஒரு கணினி கிடைத்துவிடும்.