ஏட்டுச் சுரைக்காயும் எல்லார்க்கும் மருத்துவமும்

குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தும் செலவுகள் பல. திருமணச் செலவையும் வழக்குச் செலவையும் ஓரளவு நாமே தேடிக்கொள்கிறோம். நோய்ச் செலவோ நாம் அழையாமலேயே வாசற்படி ஏறுகிறது. மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதும், அரை ஏக்கர் நிலம் கைமாறுவதும், மூத்த மகளின் படிப்பு நடுவில் நின்றுபோவதும் பெரும்பாலும் ஒரு மருத்துவமனைச் சீட்டிலிருந்தே தொடங்குகின்றன. இதனை அரசியல் தலைவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆகவேதான் தேர்தல் அறிக்கைகளில் எல்லார்க்கும் மருத்துவம் என்னும் சொற்றொடர் தவறாது இடம்பெறுகிறது. வாக்குறுதி இவ்வளவு எளிதாகப் பிறப்பதும், நிறைவேற்றம் இவ்வளவு அரிதாகக் கிட்டுவதும் ஏன் என்பதனையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இவ்வாக்குறுதியின் வயது நம் விடுதலையின் வயதினும் மிகுதி. 1943-ஆம் ஆண்டில், சர் ஜோசப் போர் என்னும் இந்திய ஆட்சிப்பணி அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாட்டின் சுகாதார நிலையைத் துருவி ஆராய்ந்து, 1946-இல் அது தன் அறிக்கையை அளித்தது. கையில் பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் எவரும் தக்க மருத்துவம் பெறாமற்போதல் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. கொள்கையோடு அக்குழு நின்றுவிடவில்லை, கணக்கும் போட்டது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் மக்களுக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை, அதற்கு மேல் 650 படுக்கைகள் கொண்டது, மாவட்டத் தலைநகரில் 2,500 படுக்கைகள் கொண்டது என நெடுங்காலத் திட்டம் ஒன்றை வகுத்தது. இன்று சமவெளிப் பகுதிகளில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதே விதி. அங்கே இருக்க வேண்டிய படுக்கைகள் நான்கு முதல் ஆறு. 75 எங்கே, ஆறு எங்கே!

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், மக்களின் ஊட்டத்தையும் நலவாழ்வையும் உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என 47-ஆம் விதியில் கூறுகிறது. ஆனால் அவ்விதி, நீதிமன்றம் வலியுறுத்தி நிறைவேற்ற இயலாத வழிகாட்டும் நெறிகளின் வரிசையில் வைக்கப்பட்டது. கடமை என்று எழுதப்பட்டது. கடன்பட்டவரைக் கேட்கும் உரிமை எழுதப்படவில்லை.

அதன்பின் ஆண்டுகளும் இலக்குகளும் உருண்டோடின. 1978-இல் சோவியத் நாட்டின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவர்க்கும் நலவாழ்வு என முழங்கின. 1983-ஆம் ஆண்டு நமது தேசிய சுகாதாரக் கொள்கையும் அதனை ஏற்றது. 2000 வந்தது, போயிற்று. 2002-ஆம் ஆண்டுக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவு 2010-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டை எட்டும் என்றது. 2004-இல் பதவியேற்ற கூட்டணி அரசு 2 முதல் 3 விழுக்காடு வரை என்று ஒரு படி உயர்த்திச் சொன்னது. 2017-ஆம் ஆண்டுக் கொள்கை 2025-ஐ எல்லையாக வைத்து 2.5 விழுக்காடு என்றது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 1.84 விழுக்காடு. அதுவும் கொள்ளை நோய்க் காலத்துச் செலவு. 2017-ஆம் ஆண்டுக் கொள்கையின் முன்வரைவில் நலவாழ்வை அடிப்படை உரிமையாக்கும் கருத்து இருந்தது என்பதையும், இறுதி வடிவில் அது காணாமற்போயிற்று என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தலைவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று கூறி முடித்துவிட்டால் வேலை எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. சுகாதாரம் மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. வளம் மிகுந்த வரிகளோ பெரும்பாலும் மத்திய அரசின் கையில். வாக்குறுதியை டில்லியில் ஒருவர் அளிக்கிறார். செவிலியர்க்குச் சம்பளம் அளிக்க வேண்டியவர் மாநிலத் தலைநகரில் வேறொருவர். நிறைவேறாதபோது இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது.

மேலும், ஒரு மருத்துவரை உருவாக்க ஏறத்தாழ ஆறாண்டுகள் வேண்டும். அவர் சிற்றூரில் தங்கிப் பணிபுரிய வீடு, பள்ளி, சாலை ஆகியனவும் வேண்டும். ஆட்சிக் காலமோ ஐந்தாண்டு. இன்று விதைத்தால் எதிர்க்கட்சிக்காரர் அறுவடை செய்வார் என்னும் அச்சம் எந்த அமைச்சருக்கும் இயல்பே. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், பெயர்ப்பலகை பதிக்கலாம். நள்ளிரவில் மகப்பேறு பார்க்கும் செவிலியர்க்கு எந்தக் கல்லில் பெயர் பொறிப்பது?

இந்த இக்கட்டிலிருந்து தப்பும் வழியாகத்தான் காப்பீட்டு அட்டை வந்தது. 2007-இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ, 2009-இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2018-இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை எனப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை நோக்கமாகக் கொண்ட பிரதம மந்திரியின் திட்டம். அட்டையைச் சில மாதங்களில் அச்சிட்டு வழங்கிவிடலாம். வாங்கியவர் அதனைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். இருதய அறுவை செய்துகொண்டு நலத்துடன் வீடு திரும்பிய கூலித் தொழிலாளர் பலர் இவ்வட்டைகளால் பிழைத்தவர்கள் என்பதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் மத்திய அரசின் அட்டை, மருத்துவமனையில் படுக்கும்போது மட்டுமே பேசுகிறது. நீரிழிவுக்காரர் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கும், குழந்தையின் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் கொடுக்கும் கட்டணத்துக்கும் அது வாய் திறப்பதில்லை. நம் குடும்பங்கள் மருத்துவத்துக்காகத் தம் மடியிலிருந்து அவிழ்க்கும் பணத்தில் மிகப் பெரும் பகுதி மருந்துக்கே போகிறது. சிறுகச் சிறுகக் கரையும் அப்பணத்துக்குச் செய்தித்தாளில் தலைப்பு கிடைப்பதில்லை.

எதிர்ப்பும் உண்டு. 1948-இல் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது அந்நாட்டு மருத்துவர் சங்கமே முதல் எதிரியாய் நின்றது. அமைச்சர் அன்யூரின் பெவன் பெரிய மருத்துவர்களுக்குத் தனித்தொழில் உரிமையை விட்டுக்கொடுத்தே காரியத்தை முடித்தார். நம் நாட்டில், முன்பணம் கேளாமல் அவசர சிகிச்சை அளித்தே ஆகவேண்டும் எனும் உரிமைச் சட்டத்தை 2023 மார்ச்சில் இராஜஸ்தான் சட்டமன்றம் நிறைவேற்றியது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டில், ஐம்பதுக்குக் குறைந்த படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு அளிக்க அரசு இணங்கியது. மருத்துவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: செலவை அரசு எப்போது, எவ்வாறு திருப்பித் தரும் என்பது சட்டத்தில் தெளிவாக இல்லை. பணம் ஒதுக்காமல் உரிமை வழங்குவது, பிறர் வீட்டுப் பந்தியில் நாம் விருந்தழைப்பது போன்றதன்றோ?

இங்கே நம் பங்கையும் சற்றே எண்ணுதல் தகும். படித்தவரும் வசதி உள்ளவரும் அரசு மருத்துவமனையை விட்டு விலகி நெடுநாளாயிற்று. அமைச்சர்கள் பலரும் நோயுற்றால் தனியார் மருத்துவமனைக்கே செல்கின்றனர். குரல் உயர்த்தக் கூடியவர் வரிசையில் நிற்காதபோது, வரிசையில் நிற்பவரின் குரல் கோட்டைக்கு எட்டுவதில்லை. வேட்பாளர் தெருவுக்கு வரும்போது நாமும் சாலை, குடிநீர், இலவசப் பொருள் ஆகியவற்றையே கேட்கிறோம். துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கிறாரா என்று கேட்பவர் மிகச் சிலர்.

முடியவே முடியாது என்பாருக்கு ஆசியாவிலேயே ஒரு மறுமொழி உண்டு. தாய்லாந்தில் 2001-ஆம் ஆண்டுத் தேர்தலில், ஒருமுறை சிகிச்சைக்கு முப்பது பாட் கட்டணம் போதும் என ஒரு கட்சி வாக்களித்தது; வென்றது; அடுத்த ஆண்டிலேயே நாடு முழுதும் நிறைவேற்றிச் சட்டமும் இயற்றியது. மந்திரம் ஒன்றுமில்லை. 1970-களிலிருந்தே இளம் மருத்துவர்கள் அரசுப் பணியாகச் சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர். மாவட்டந்தோறும் மருத்துவமனைகள் எழுந்தன. கிராமத்தில் பணிபுரிந்த மருத்துவர்களே திட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டு ஒரு கட்சிக்காகக் காத்திருந்தனர். வீடு கட்டி முடிந்திருந்தது. கதவைத் திறக்கவே வாக்குறுதி பயன்பட்டது. 2006-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதும் திட்டத்தைக் கைவிட எவரும் துணியவில்லை.

நம் தமிழ்நாட்டிலும், ஓசையின்றி நடந்த காரியம் ஒன்று உண்டு. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப் பெயர் மருந்துகளை வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாய் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. வங்கிக் கணக்குப் போல ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். தனக்கு உரிய தொகைக்கு வேண்டிய மருந்தை அது எடுத்துக்கொள்ளலாம். ஆட்சிகள் மாறிமாறி வந்தும் எவரும் இதனைக் கலைக்கவில்லை. 2021-இல் இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் தொடங்க முடிந்தது என்றால், மாத்திரை கிடங்கில் இருந்ததும் ஒரு காரணம். பிற மாநிலங்கள் சில இம்முறையைப் பின்பற்றின; பல இன்னும் பின்பற்ற வேண்டியுள்ளன.

2013-14-இல் நாட்டின் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாயை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர் என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. 2021-22-இல் அது 39 ரூபாயாகக் குறைந்திருந்தது. தாய்லாந்தில் அது பத்து ரூபாய் அளவே.