தேக்கி வைத்த பக்கங்கள்
விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறக்குந்தோறும் அதனைத் தரவுத்தளத்தினின்று எடுத்துப் புதிதாய்க் கோத்தளிப்பின் கணிப்பொறிகள் தாங்கா. ஆதலின் ஒருமுறை கோத்த பக்கத்தைத் தேக்கிவைத்துக் கேட்போர்க்கெல்லாம் அதனையே வழங்குவர். வட்டினும் விரைவான நினைவகம் இதற்குக் கைகொடுக்கிறது. 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆக்கிய 'மெம்கேஷ்டு' என்னும் மென்பொருள் இவ்வகையினதே.

ஆயின் கட்டுரை திருத்தப்பெற்றதும் தேக்கிய படி பழையதாகிவிடும். ஏடு பெயர்த்தெழுதியோர் நன்கறிந்த இடர்தான் இது! 2009 சூன் 25ஆம் நாள் பாடகர் மைக்கேல் ஜாக்சன் மறைந்தபோது, அவரைப் பற்றிய கட்டுரை இடையறாது திருத்தப்பெற்றது. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பழம்படி நீங்க, கணிப்பொறிகள் பலவும் அந்த ஒரே பக்கத்தை ஒருங்கே கோக்க முற்பட்டன; தளமே தடுமாறிற்று. பின்னர் 'பூல்கவுண்டர்' என்னும் ஏற்பாடு வந்தது. அதன்படி ஒன்று கோக்கும். ஏனையவை காத்து நிற்கும். காத்திருப்பு மிகுந்தால் பழம்படியே வழங்கப்பெறும்.