எண்ணெய் வழியும் முகத்துக்கும் தாகம் உண்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. வெளியே வெயில், தூசி. உள்ளே நாள் முழுக்க ஏசி. முகத்தில் எண்ணெயும் வழியும், தோலும் இறுகும். அதற்குத்தான் எசென்ஸ்.

ஜப்பானிலும் கொரியாவிலும் பரவலான, தண்ணீர் போன்ற திரவம் இது. 1980இல் ஜப்பானில் வந்த எஸ்கே-டூ எசென்ஸ், நொதித்த ஈஸ்ட் வடிநீரால் புகழ்பெற்றது. பலவற்றில் கிளிசரின், ஹயலுரானிக் அமிலம் இருக்கும்; இவை தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்துவைப்பவை.

முகம் கழுவி, ஈரம் காயுமுன் சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு ஒற்றுகிறேன், தேய்ப்பதில்லை. மேலே மாய்ஸ்சரைசர் போடாவிட்டால் ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். காலையில் கடைசியாக சன்ஸ்கிரீன்.

புது பாட்டிலை முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். எசென்ஸ் நிறத்தை வெளுப்பாக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒன்றுக்குத்தான் காசு என்றால், ஆவடி பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கும் நான் சன்ஸ்கிரீனைத்தான் வாங்குவேன்.