உள்ளூர் அனுபவம் என்னும் தடை

அந்நிய நாடுகளில் உத்தியோகம் தேடும் நமது கட்டடக் கலைஞர்களை அங்குள்ள முதலாளிமார் எவ்விதம் மதிக்கின்றனர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஐந்து வருஷம் கல்லூரியிற் பயின்று, 1972-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு பெற்று, தேனியிலும் கம்பத்திலும் பத்து வருஷம் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எழுப்பிய ஒருவர் டொரான்டோவிலோ பிரிஸ்பேனிலோ மனுச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இந்நாட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" என்பதே பெரும்பாலும் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. இல்லையென்றால் அந்தப் பத்து வருஷமும் பூஜ்யமாகிவிடுகிறது. வேலையின்றி அனுபவம் வராது. அனுபவமின்றி வேலை தரமாட்டார்கள். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கினர் இதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இம்மலையடிவாரத்தில் பெற்ற அனுபவம் ஒரு காலத்தில் அதே பிரிஸ்பேனில் பெருமதிப்புப் பெற்றது. பெரியாற்று அணையை 1887 முதல் 1895 வரை நின்று கட்டுவித்த கர்னல் ஜான் பென்னிகுயிக்கை இங்கு அறியாதார் இல்லை. லோயர் காம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. அணை முடிந்தபின் நடந்ததையோ சிலரே அறிவர். 1893-இல் பிரிஸ்பேன் நதி பெருகி நகரை மூழ்கடித்தது. விக்டோரியா பாலமும் முறிந்தது. அவ்வெள்ளத்தை அடக்க உபாயம் சொல்லும்படி 1899-இல் குயின்ஸ்லாந்து சர்க்கார் வரவழைத்தது பென்னிகுயிக்கைத்தான். அவர் பேர் பெற்றது பெரியாற்றில். ஆஸ்திரேலிய நதி எதிலுமன்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு, காட்டு வெள்ளத்தோடு போராடிக் கற்ற பாடமே அவருடைய யோக்கியதாபத்திரம்.

அழைத்தது புத்திசாலித்தனமான காரியமே. ஆனால் இந்திய மண்ணில் ஈட்டிய அனுபவம் ஆங்கிலேயர் கையில் நாணயமாகவும் தமிழர் கையில் செல்லாக் காசாகவும் ஆவது எங்ஙனம்?

பொறியாளர் வேறு, கட்டடக் கலைஞர் வேறு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சண்டிகர் நகரை நிர்மாணிக்க 1950-இல் லெ கொர்புசியேயை நாம் அமர்த்தியபோது, "பஞ்சாப் வெயிலில் வீடு கட்டியதுண்டா?" என்று அவரைக் கேட்டுத் திருப்பி அனுப்பினோமா? நமது 1972-ஆம் வருஷச் சட்டத்தின் 37-ஆம் பிரிவும், வெளிநாட்டுக் கலைஞர் மத்திய சர்க்காரின் முன்னனுமதியோடு இங்கு ஆலோசகராக இருக்கலாமென்கிறது. இந்திய அனுபவம் வேண்டுமென்று அதில் ஒரு சொல் இல்லை.

முதலாளிமார் பக்கமும் சிறிது நியாயம் உண்டு. பனியின் பாரத்தைத் தாங்கும் கூரை, குளிர் புகாத சுவர், மரச்சட்ட வீடு, நகரசபை அனுமதி, ஒப்பந்தச் சட்டம் ஆகியவை போடி நாயக்கனூரில் பழகக்கூடியவை அல்ல. தவறு நேர்ந்தால் நஷ்டஈடு கொடுப்பவர் முதலாளியே. அவ்விதிகளைச் சில மாதத்திற் கற்கலாம்; பரீட்சை வைத்தும் அறியலாம். கொத்தனாரையும் கம்பி கட்டுவோரையும் வீட்டுக்காரரையும் ஒருங்கே சமாளித்து, உள்ள பணத்துக்குள் கட்டடத்தை முடிக்கும் திறமையோ வருஷக்கணக்கில் வருவது. கற்பிக்கக்கூடியதை இல்லையென்று சொல்லிக் கற்பிக்க முடியாததைத் தள்ளிவிடுகிறார்கள்!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைச் சிறிது உணர்ந்திருக்கிறது. கனடா அனுபவம் வேண்டுமென்று கண்டிப்பாகக் கேட்பது மேலெழுந்தவாரியாகவே பாரபட்சமாகும் என்று அங்குள்ள மனித உரிமைக் கமிஷன் 2013-இல் அறிவித்தது. கட்டடக் கலைஞர் முதலிய தொழில்களின் பதிவுச் சபைகள் அந்நிபந்தனையை விதிப்பது 2023 டிசம்பரில் பொதுவாகத் தடுக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் வேலை விளம்பரங்களிலும் அது கூடாது.

ஆயினும் இச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. விளம்பரம் பற்றிய தடை இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை கொடுப்போரையே கட்டுப்படுத்தும். கட்டடக் கலைஞர் அலுவலகங்களில் மிகப் பல, ஐந்தாறு பேர் அமர்ந்து வேலை பார்க்கும் சிறு இடங்கள். அவர்கள் பழைய கேள்வியையே அச்சிட்டு வெளியிடலாம். நம் சர்க்கார் இனி கனடாவுடனோ ஆஸ்திரேலியாவுடனோ வியாபார உடன்படிக்கை பேச உட்காரும்போது, தேயிலைக்கும் துணிக்கும் வரி குறைக்கக் கேட்பதோடு இதையும் எடுத்துப் பேச வேண்டும்.