ஸ்விட்சுக்குள் ஏறும் களிம்பு

ஹெட்லைட் மங்கல். ஹார்னை நாலு தடவை அமுக்கினால் ஒரு தடவை கத்துகிறது. பல்பை மாற்றுகிறோம், பேட்டரியைச் சந்தேகப்படுகிறோம். பழைய பைக்கில் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஹேண்டில்பார் ஸ்விட்சை.

ஸ்விட்சுக்குள் ஒரு சிறு உலோகத் துண்டு, ஸ்பிரிங் அழுத்தத்தில் செம்பு அல்லது பித்தளை முனைகளைத் தொட்டு நகர்கிறது. மழையும் ஈரக்காற்றும் புகுந்தால் முனைகள் கறுக்கும். பச்சைக் களிம்பு ஏறும். களிம்புக்கு மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறைவு.

12 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். களிம்பால் அரை ஓம் தடை கூடினாலே ஒன்றரை வோல்ட் வழியில் போய்விடும். வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. இழை பல்பின் வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். விரயமாகும் சக்தி ஸ்விட்சைச் சூடாக்குகிறது. சூட்டில் களிம்பு மேலும் ஏறுகிறது, பிளாஸ்டிக்கும் இளகுகிறது.

யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டிகளுக்கு அசல் ஸ்விட்ச் கிடைப்பது அரிது. எனவே இருப்பதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். துணி விரித்து அதன்மேல் ஸ்விட்சைத் திறங்கள். மிளகைவிடச் சிறிய ஸ்டீல் குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடக் காத்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்குமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். களிம்பு போகவில்லையென்றால் 1000 கிரிட்டுக்கு மேற்பட்ட நைஸ் எமரி பேப்பரால் இரண்டு இழுப்பு போதும். சில முனைகளில் வெள்ளி முலாம் இருக்கும். அழுத்தித் தேய்த்தால் களிம்போடு முலாமும் போய்விடும். கடைசியாக எலெக்ட்ரிகல் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அப்பினால் தூசி சேரும்.

மாட்டியதும் லைட்டை எரியவிட்டு, ஸ்விட்சுக்குள் வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும் வண்டியென்றால் பெரும்பாலும் மீட்டரை ஏ.சி.யில் வைக்க வேண்டியிருக்கும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் ஸ்விட்ச் சுத்தம். அப்படியும் வெளிச்சம் மங்கலாகவே இருந்தால் எர்த் வயரைப் பாருங்கள். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும் வயர்கள் உள்ளுக்குள் அறுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.