நிரலோடு சேர்ந்து பிறக்கும் கையேடு

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ26 வீதியில், தெல்தெனியவையும் மெதமஹநுவரவையும் கடந்தால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் இருக்கும் மீமுரேக்கான பாதை இங்கிருந்துதான் பிரிகிறது. மழை வலுத்துவிட்டால் இம்மலைப் பக்கத்து மக்கள் காது கொடுத்துக் கேட்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை. விழிப்பாக இருங்கள், வெளியேறத் தயாராகுங்கள், வெளியேறுங்கள் என்று அது மூன்று படிகளில் வரும். மூன்றாம் படி வந்துவிட்டால் பாடசாலைக் கட்டடம் முகாமாகிவிடும். யார் வந்து சேர்ந்தார்கள், யாரைக் காணவில்லை, யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்பதையெல்லாம் அன்றிரவே பதிய வேண்டும். இதற்கான மென்பொருள் இலங்கையிலேயே பிறந்திருக்கிறது. ஆனால் அதை முதல் தடவையாகத் திறந்து பார்க்கும் அலுவலருக்கு வழிகாட்டுவது யார்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்துபோன சில நாள்களுக்குள் இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் கூடி எழுதத் தொடங்கியது ‘சஹானா’. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றுக்கான பதிவேடுகளை அது ஒன்றாக இணைத்தது. லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனின் அரவணைப்பில் எவரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளாக வளர்ந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கம் என்று கடல் கடந்தும் உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூக நலத் திட்டங்களுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை சஹானாவுக்கு வழங்கியது.

மென்பொருள் இப்படி நாடு விட்டு நாடு போகும்போது எழுதியவர்கள் எல்லா இடத்துக்கும் கூடப் போக முடியாது. கையேடுதான் போகும். சஹானா குழுவினர் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். பைத்தன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட ‘சஹானா ஈடன்’ பதிப்புக்கான கையேடு, 2011 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் கூகுள் தலைமையகத்தில் நடந்த ஆவண முகாமில் உருவானது. கேடிஈ, ஓப்பன்எம்ஆர்எஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆகிய திறந்த மூலத் திட்டங்களின் குழுக்களும் அங்கே ஒரு சில நாள்களில் ஆளுக்கொரு நூலை எழுதி முடித்தன. அவர்கள் பயன்படுத்திய ‘புக்கி’ என்ற கருவியும் திறந்த மூலம்தான். பலர் உலாவியில் ஒரே நேரத்தில் எழுதிய அத்தியாயங்களை அது ஒரே நூலாகக் கோத்துத் தந்தது.

கருத்துரையே கையேடாகும் விதம்

கையேட்டை எழுதி முடித்தால் மட்டும் போதாது. நிரல் வாராவாரம் மாறும். தனியாகக் கிடக்கும் கையேடு மாறாது. முகாம் படிவத்தில் ஒரு கட்டம் நீக்கப்பட்ட பின்பும் ‘அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்’ என்று கையேடு சொல்லிக்கொண்டிருந்தால், அவசர வேளையில் அலுவலர் எதை நம்புவார்? கையேடே இல்லாததைவிடத் தவறான கையேடு கூடுதல் ஆபத்தானது.

இதற்கான விடை பழையது. விளக்கத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் எழுத வேண்டும் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டது 1984இல். தொண்ணூறுகளில் ஜாவா மொழியோடு, நிரலுக்குள் எழுதிய கருத்துரைகளிலிருந்து ஆவணம் ஆக்கும் ‘ஜாவாடொக்’ வந்தது. 1997இல் டிமிட்ரி வான் ஹீஷ் ‘டொக்சிஜென்’ கருவியை வெளியிட்டார். பைத்தன் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கிய ‘ஸ்பிங்ஸ்’ 2008இல் வெளியானது. இன்று எண்ணற்ற திட்டங்களின் ஆவணங்கள் அதில்தான் பிறக்கின்றன.

இவை வேலை செய்யும் விதம் எளிது. நிரலில் முகாமைப் பதியும் வேலையைச் செய்யும் ஒரு பகுதி, அதாவது ஒரு செயற்கூறு, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முகாமின் பெயர், இடம், கொள்ளளவு ஆகியவற்றைத் தர வேண்டும். அது ஒரு பதிவு எண்ணைத் திருப்பித் தரும். எழுதுபவர் அந்தச் செயற்கூறின் தலைமாட்டிலேயே, அது என்ன செய்கிறது, ஒவ்வோர் உள்ளீடும் எதற்கு என்று இரண்டு மூன்று வரிகளில் கருத்துரையாகக் குறித்துவைக்கிறார். ஆவணக் கருவி நிரலைப் படித்து, செயற்கூறின் பெயரையும் உள்ளீடுகளின் வகைகளையும் தானே எடுத்துக்கொள்கிறது. அவற்றோடு கருத்துரையைச் சேர்த்து, அட்டவணை, சொற்சுட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் இணைப்புகளோடு இணையப் பக்கமாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் மின்னூலாகவும் ஆக்கித் தருகிறது. ஸ்பிங்ஸில் இன்னொரு வசதியும் உண்டு. கையேட்டில் தந்திருக்கும் எடுத்துக்காட்டு நிரலை ஓட்டிப் பார்த்து, சொன்ன விடை வராவிட்டால் பிழை என்று அறிவிக்கச் செய்யலாம். கையேட்டையே சோதிக்கும் இந்த வழி பெரிய காவல்.

2010இல் தொடங்கிய ‘ரீட் த டொக்ஸ்’ சேவை இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. நிரலில் மாற்றம் பதிவானதும் கையேடு தானாகவே மறுபடி கட்டப்பட்டு இணையத்தில் ஏறிவிடும். நிரலுக்கும் கையேட்டுக்கும் இடையில் விழும் கால இடைவெளியை இந்த ஏற்பாடு பெருமளவு குறைத்தது.

கொழும்பிலும் பேராதனையிலும்

இந்த முறை இலங்கைக்குப் புதிதல்ல. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 மென்பொருள் நிறுவனம் தன் கையேடுகளை ‘எம்கேடொக்ஸ்’ என்ற திறந்த மூலக் கருவியால் கட்டுகிறது. எவரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அந்நிறுவனம் உருவாக்கிய ‘பலரீனா’ நிரல்மொழியில் ஆவணம் எழுதும் முறை மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. செயற்கூறுக்கு மேல் ‘#’ குறியிட்டு மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு நடையில் விளக்கம் எழுதலாம். ‘+’ குறியிட்டு ஒவ்வோர் உள்ளீட்டையும் விவரிக்கலாம். பிறகு ஒரே கட்டளையில் முழு ஆவணமும் தயாராகிவிடும்.

கண்டிக்கு அருகிலேயே இன்னொரு நல்ல முன்மாதிரி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறை மாணவர்கள் தம் செயற்திட்டங்களின் நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். அதே களஞ்சியத்தில் விளக்கத்தையும் எழுதுகிறார்கள். ‘ஜெக்கில்’ என்ற திறந்த மூலக் கருவி அதை இணையப் பக்கமாக்குகிறது. துறையின் தளத்தில் ஆண்டுவாரியாக அவை திரட்டப்படுகின்றன. பட்டம் பெற்றதும் மறைந்துபோகும் மாணவர் ஆய்வுகள் அடுத்த தொகுதியினருக்குக் கிடைக்க இந்தப் பழக்கமே வழி.

கருவியால் முடியாதது

கருவி எல்லாவற்றையும் செய்துவிடாது. ‘முகாமைப் பதி’ என்ற செயற்கூறின் மேல் ‘முகாமைப் பதிகிறது’ என்று மட்டும் எழுதினால், அழகான பக்கம் வரும், பயன் வராது. அடையாள அட்டை இல்லாமல் வந்தவரை எப்படிப் பதிவது, இணையம் அறுந்தால் என்ன செய்வது, ஏன் இந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்பவற்றை நிரலிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. கருவி தருவது உசாத்துணை. புதியவருக்கான பாடம், வேலைக்கான வழிமுறை, காரணத்தைச் சொல்லும் விளக்கம் ஆகிய மூன்றையும் மனிதர்தான் எழுத வேண்டும். பயனரோடு உட்கார்ந்து பார்த்தவரே அவற்றை நன்றாக எழுதுவார்.

தமிழில் வருமா?

வரும். ஸ்பிங்ஸ் ஆங்கிலக் கையேட்டைப் பத்தி பத்தியாகப் பிரித்து மொழிபெயர்ப்புக் கோப்பாகத் தரும். ஒவ்வொரு பத்திக்கும் கீழே தமிழை எழுதினால் தமிழ்க் கையேடு தயார். மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு மட்டும் ‘மறுபடி பாருங்கள்’ என்ற குறியோடு நிற்கும். மீதியைத் தொட வேண்டியதில்லை. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக இருக்கும் நாட்டில் இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பிடிஎஃப் ஆக்கும்போது ‘சீலாடெக்’ என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்தைத் தெரிந்தெடுத்து, தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட்டுவிட்டால் தமிழ் எழுத்துகள் உடையாமல் வரும்.

ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. ஸ்பிங்ஸின் தேடல் வசதி பட்டியலிட்டிருக்கும் மொழிகளில் தமிழ் இல்லை. வேற்றுமை ஏற்றால் சொல்லின் உருவம் மாறும் நம் மொழியில், ‘முகாம்’ என்று தேடுபவருக்கு ‘முகாமில்’ என்று எழுதிய பக்கம் அகப்படாமல் போகலாம். இத்தனைக்கும் ஸ்பிங்ஸ் நம்பியிருக்கும் ‘ஸ்னோபோல்’ நூலகத்தில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களையும் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் இணைத்து, சோதித்து, திட்டக் குழுவுக்கு அனுப்பும் வேலைதான் பாக்கி. பைத்தன் தெரிந்த ஒரு மாணவருக்கு எட்டக்கூடிய வேலை அது.

கையேடுகளுக்குப் பங்களிக்கப் பல்கலைக்கழக அனுமதியும் வேண்டியதில்லை, பெரிய பட்டமும் வேண்டியதில்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் ஹுன்னஸ்கிரிய மாணவி ஒருத்தி, தமிழும் சிங்களமும் தெரிந்தவள் என்றால், எத்தனையோ பொறியாளர்களால் முடியாத வேலையைச் செய்ய முடியும். ஏதாவதொரு திறந்த மூலத் திட்டத்தின் கையேட்டைத் திறந்து, புரியாத ஒரு பத்தியைத் திருத்தி அனுப்புங்கள். அடுத்த பத்தியைத் தமிழாக்குங்கள். தமிழில் கையேடு இல்லாத மென்பொருள், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இல்லாத மென்பொருளே.