எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசே பள்ளிக்குச் செலுத்தும். தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவின்கீழ் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்.

விருதுநகர் மாவட்டத்தில் அந்த ஒரு கிலோமீட்டர்தான் பெரிய தடை. சிவகாசி நகரத்தில் மெட்ரிக் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கரிசல் கிராமங்கள் பலவற்றில் நடக்கும் தூரத்தில் இருப்பது அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோதான். பட்டாசு ஆலைக் கூலியை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளமாக இருப்பதும் அங்கேதான். ஆகவே, யாருக்காக இந்தச் சலுகை வந்ததோ அவர்களில் பலருக்கு அது எட்டவில்லை.

இந்த வட்டாரத்தில் வெகுகாலம் எந்தப் பள்ளி என்ற கேள்வியே எழவில்லை. பள்ளியா, ஆலையா என்பதே கேள்வி. 1980களில் விடியுமுன்பே ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிப் போயின. தீக்குச்சிகளைச் சட்டங்களில் வரிசையாக அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்யவும், முடியாவிட்டால் அது 5,000 ரூபாய் சேர்க்கவும் உத்தரவிட்டது. கூலி நின்றால் அடுப்பு எரியாது என்பதை உணர்ந்த தீர்ப்பு அது.

அந்த உணர்வு இங்கே பழையது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளி. அதில் படித்த காமராசர் முதலமைச்சரானபின் ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளியும் மதிய உணவும் தந்தார். குலுக்கல் இல்லாமல் கிடைத்தவை அவை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதே வழியில் வந்ததே. பொழுது புலரும்போதே ஆலைக்குக் கிளம்பும் தாய்க்கு அதன் அருமை தெரியும்.

25 விழுக்காட்டில் இடம் கிடைத்தவர்களுக்கும் உறுதி குறைவு. ஒன்றிய அரசின் நிதி வராததால் 2025-26ஆம் ஆண்டுக்கான சேர்க்கை, வகுப்புகள் தொடங்கி நான்கு மாதம் கழித்து அக்டோபரில்தான் நடந்தது. எட்டாம் வகுப்போடு சலுகை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இல்லையேல் பிள்ளை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். அப்படி வந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே படிப்பவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.